எப்பெயரைத் தழுவியது? – ஆங்கில அடைவாக்கியமும் பொருள் மயக்கமும்

தோற்றுவாய்

மொழியைக் கற்பிப்போர் தம் பிழைகளைத் தாமே எழுத்தில் வைப்பது அரிது. ஆயினும் இக்கட்டுரையை நம் பிழையொன்றிலிருந்தே தொடங்க வேண்டியுள்ளது.

சில ஆண்டுகளுக்கு முன், ஓர் அறக்கட்டளையிலிருந்து கல்வி உதவித்தொகை பற்றிய ஆங்கில அறிவிப்பு ஒன்று வந்தது. அதனைத் தமிழாக்கி அறிவிப்புப் பலகையில் இடும் பொறுப்பு நம்மிடம் ஒப்படைக்கப்பட்டது. 'சில்ட்ரன் ஆஃப் வீவர்ஸ் ஹூ ஹேவ் லிவ்ட் இன் திஸ் டவுன் ஃபார் டென் இயர்ஸ்' என்பது தகுதியைக் குறிக்கும் தொடர். "நெசவாளரின் பிள்ளைகளாய், இவ்வூரில் பத்தாண்டுகள் வசித்துள்ள மாணவர்" எனத் தமிழில் எழுதினோம். எழுதும்பொழுது ஐயம் எதுவும் எழவில்லை.

நம் வகுப்பில் பயின்ற மாணவி ஒருவரின் தந்தை இவ்வூரிலேயே நெடுங்காலம் தறி நெய்பவர். மாணவியோ மேல்நிலைக் கல்வி முடியும் வரை வேற்றூரில் பாட்டி வீட்டில் வளர்ந்தவர். அவர் விண்ணப்பிக்கவில்லை. இறுதி நாள் கடந்த பின்னரே, பத்தாண்டுகள் வசித்திருக்க வேண்டியவர் நெசவாளரேயன்றிப் பிள்ளைகள் அல்லர் என்பது அறக்கட்டளையினர் வாயிலாகத் தெரியவந்தது. மாணவியை அழைத்து, ஏன் விண்ணப்பிக்கவில்லை என்று வினவினோம். "எனக்குத் தகுதியில்லை என்றுதானே பலகையில் எழுதியிருந்தது, ஐயா" என்றார். அவர் சரியாகவே படித்திருந்தார். நாமே பிழைபட எழுதியிருந்தோம்.

'ஹூ' என்னும் ஒரு சிறு சொல் எப்பெயரைத் தழுவியது என்று நாம் கேட்கத் தவறியதே இதற்குக் காரணம். ஆங்கில வாக்கிய அமைப்பில் இவ்வகை மயக்கம் எங்ஙனம் தோன்றுகிறது, தமிழிலக்கணம் பயின்றோர் அதனை எவ்வாறு எளிதில் இனங்காணலாம் என்பவற்றை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முற்பெயரும் அடைவாக்கியமும்

ஆங்கிலத்தில் 'ரிலேட்டிவ் கிளாஸ்' என வழங்கும் உறுப்பினை ஈண்டு 'அடைவாக்கியம்' என்போம். ஒரு பெயருக்கு அடையாய் நிற்கும் சிறு வாக்கியம் என்பது இதன் பொருள். அவ்வாக்கியத்தைத் தொடங்கிவைக்கும் ஹூ, ஹூம், விச், தட் முதலிய சொற்களை 'இணைப்பெயர்' என்றும், அடைவாக்கியம் தழுவும் பெயரை 'முற்பெயர்' என்றும் குறிப்போம்.

இதே பணியைத் தமிழில் பெரும்பாலும் பெயரெச்சம் செய்கிறது. 'நேற்று வந்த மாணவன்' என்பதில் 'வந்த' என்னும் பெயரெச்சம் 'மாணவன்' என்னும் பெயரைக் கொண்டு முடிகிறது. ஆங்கிலத்திலோ முதலில் மாணவன் வருவான். பின்னர் 'ஹூ' வரும். அதன் பின்னரே அவன் நேற்று வந்த செய்தி வரும். தமிழில் அடை முன்னும் பெயர் பின்னும் நிற்க, ஆங்கிலத்தில் பெயர் முன்னும் அடை பின்னும் நிற்கின்றன. இரு மொழிகளுக்கும் இடையேயுள்ள பெரிய வேற்றுமை இதுவே.

இவ்வேற்றுமையால் விளைவது யாது? தமிழ்ப் பெயரெச்சம் தனக்குரிய பெயரை முன்னோக்கித் தேடிச் செல்கிறது. ஆங்கில இணைப்பெயர் தனக்குரிய பெயரைப் பின்னோக்கித் தேடுகிறது. அவ்வாறு தேடும் வழியில் ஒரே பெயர் இருப்பின் இடர் இல்லை. இரண்டு மூன்று பெயர்கள் நின்றால் எதனைத் தழுவுவது என்னும் வினா எழுகிறது.

இரு பெயர்களுக்கு நடுவே

'தி டாட்டர் ஆஃப் தி டாக்டர் ஹூ லிவ்ஸ் இன் மதுரை' என்னும் தொடரை நோக்குவோம். மதுரையில் வாழ்பவர் மருத்துவரா, அவர் மகளா? இரு பொருளுக்கும் இத்தொடர் இடந்தருகிறது. 'ஹூ' என்னும் சொல் ஆண், பெண் வேறுபாட்டைக் காட்டுவதில்லை. ஒருமை பன்மைக்கேற்பத் தன் வடிவை மாற்றிக்கொள்வதும் இல்லை. எனவே மயக்கம் நீங்க வேறு துணை வேண்டும்.

முதல் துணை வினைச்சொல். மகளிர் பலராயின், 'தி டாட்டர்ஸ் ஆஃப் தி டாக்டர் ஹூ லிவ்' எனும்பொழுது பன்மை வினை மகளிரையே சுட்டும். 'ஹூ லிவ்ஸ்' எனின் மருத்துவரைச் சுட்டும். இரண்டாம் துணை உயர்திணை, அஃறிணை வேறுபாடு. கடையின் உரிமையாளரைப் பற்றிய தொடரில் 'ஹூ' வந்தால் உரிமையாளரையும், 'விச்' வந்தால் கடையையும் குறிக்கும். மூன்றாம் துணை வேற்றுமை அமைப்பு. 'தி டாக்டர்ஸ் டாட்டர் ஹூ லிவ்ஸ் இன் மதுரை' என்று எழுதினால், அடைவாக்கியம் மகளையே தழுவும், மயக்கத்திற்கு இடமில்லை.

நாம் பிழைபட்ட அறிவிப்புக்கு இம்மூன்றையும் பொருத்திப் பார்க்கலாம். பிள்ளைகளும் பன்மை, நெசவாளரும் பன்மை. ஆதலின் 'ஹேவ்' என்னும் வினை இருவர்க்கும் பொருந்திற்று. இரண்டும் உயர்திணை, ஆதலின் 'ஹூ' இருவர்க்கும் பொருந்திற்று. வேற்றுமை அமைப்பும் உதவவில்லை. மூன்று துணைகளும் கைவிட்ட இடத்தில் நாம் ஐயுறாமல் எழுதினோம். அறக்கட்டளையினரை ஒரு முறை வினவியிருப்பின் போதுமானதாக இருந்திருக்கும்.

இத்தகைய தொடரைப் படிப்போர் உள்ளம் எப்பக்கம் சாய்கிறது என்பதை உளமொழியியலார் ஆராய்ந்துள்ளனர். ஃபெர்னாண்டோ குவெட்டோஸ், டான் மிட்செல் ஆகிய இருவரும் 1988-இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் புகழ்பெற்றது. நடிகை ஒருவரையும் அவருடைய பணியாளரையும் ஒரே தொடரில் வைத்து, மாடிமுகப்பில் நின்றவர் யார் என்று அவர்கள் வினவினர். ஆங்கிலம் பேசுவோர் பெரும்பாலும் அண்மையில் நின்ற நடிகையைக் கொண்டனர். அதே அமைப்புடைய ஸ்பானியத் தொடரைப் படித்த ஸ்பானிய மொழியினர் முதலில் நின்ற பணியாளரையே மிகுதியாகக் கொண்டனர். ஒரே வகையான தொடர், ஒரே வரிசை. ஆயினும் மொழிக்கேற்பக் கருத்து மாறிற்று. ஆகவே, தமக்கு முதலில் தோன்றிய பொருளே எல்லார்க்கும் தோன்றும் என்று எவரும் துணிதல் கூடாது.

தமிழும் இம்மயக்கத்திற்கு விலக்கன்று. 'மதுரையில் வாழும் மருத்துவரின் மகள்' எனின் வாழ்பவர் யார்? இங்கும் இரு பொருள் உண்டு. 'மருத்துவரின் மதுரையில் வாழும் மகள்' என்று சொற்களை இடம் மாற்றினால் ஐயம் அகல்கிறது.

நீதிமன்றம் ஏறிய அடைவாக்கியம்

இஃது ஏட்டளவில் நிற்கும் சிக்கல் என்று மாணவர் எண்ணலாகாது. ஒருவருடைய வாழ்வூதியமே ஓர் இணைப்பெயரைப் பற்றி நின்ற வழக்கு அமெரிக்காவில் நிகழ்ந்தது. 2003-ஆம் ஆண்டில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்த்த 'பார்ன்ஹார்ட் எதிர் தாமஸ்' என்னும் வழக்கே அது.

மின்தூக்கி இயக்கும் பணியில் இருந்த பெண்மணி ஒருவரின் பணியிடம் 1995-இல் நீக்கப்பட்டது. அவர் உடல்நலக் குறைவு காரணமாகச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் உதவி வேண்டினார். அவர் முன்பு செய்த வேலையை இன்னும் செய்யும் உடல்வலிமை அவருக்கு உண்டு என்று கூறி அரசுத் துறை மறுத்தது. அவரோ, மின்தூக்கி இயக்கும் வேலை நாட்டில் போதிய அளவில் இப்பொழுது இல்லையே, இல்லாத வேலையை எவ்வாறு செய்வது என்று வாதிட்டார். கேட்போர்க்கு நியாயமாகவே தோன்றும் வாதம் இது.

சட்டம் கூறுவதன் சாரம் வருமாறு: ஒருவர் தம் முன்னைய வேலையைச் செய்ய இயலாதவராதல் வேண்டும், அன்றியும், நாட்டின் பொருளாதாரத்தில் உள்ள வேறெவ்வகை ஊதிய வேலையையும் செய்ய இயலாதவராதல் வேண்டும். ஆங்கில மூலத்தில் 'நாட்டின் பொருளாதாரத்தில் உள்ள' என்னும் பொருள்படும் 'விச்' அடைவாக்கியம் தொடரின் இறுதியில் நிற்கிறது. அது 'வேறு வேலை' என்பதை மட்டும் தழுவுகிறதா, 'முன்னைய வேலை' என்பதையும் சேர்த்துத் தழுவுகிறதா? வழக்கு முழுவதும் இவ்வினாவில் அடங்கிற்று.

மேல்முறையீட்டு நீதிமன்றம் அப்பெண்மணிக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றமோ ஒருமனதாக அதனை மாற்றியது. அடை தனக்கு மிக அண்மையில் உள்ள முற்பெயரையே தழுவும் என்னும் 'இறுதி முற்பெயர்' நெறியை அது பின்பற்றியது. நீதிபதி ஸ்காலியா இதற்கு இல்லறத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டுத் தந்தார். பெற்றோர் வெளியூர் செல்லும்போது, வீட்டில் விருந்து நடத்தினாலோ வீட்டைச் சேதப்படுத்தும் வேறு செயலில் ஈடுபட்டாலோ தண்டனை உண்டு என்று மகனிடம் கூறிச் செல்கின்றனர். மகன் விருந்து நடத்தி அகப்பட்டுக்கொள்கிறான். 'வீடு சேதமடையவில்லையே' என்று அவன் வாதிட்டுத் தப்ப இயலுமா? இயலாது என்பதே நீதிபதியின் கருத்து. எனினும் இந்நெறி முழுமுற்றானதன்று, பொருளை உணர்த்தும் வேறு குறிப்புகள் இருப்பின் விலகும் என்பதையும் அத்தீர்ப்பே ஒப்புக்கொண்டது.

அவ்வாறு விலகுவது எப்பொழுது என்பதில் நீதிபதிகளே வேறுபட்டனர். 2016-இல் தீர்க்கப்பட்ட 'லாக்ஹார்ட்' வழக்கில், மூன்று குற்றங்களை வரிசைப்படுத்திய சட்டத்தொடரின் இறுதியில் நின்ற அடை மூன்றையும் தழுவுமா, கடைசிக் குற்றத்தை மட்டும் தழுவுமா என்னும் வினா எழுந்தது. கடைசியை மட்டுமே தழுவும் என அறுவரும், மூன்றையும் தழுவும் என இருவரும் கொண்டனர். ஒரு குறிப்பிட்ட திரைப்படத்தில் பங்குகொண்ட 'நடிகர், இயக்குநர் அல்லது தயாரிப்பாளரைக்' காண விரும்புகிறேன் என்று ஒருவர் ஆங்கிலத்தில் கூறினால், மூவரும் அத்திரைப்படத்தைச் சார்ந்தவராதல் வேண்டும் என்றுதானே கொள்வோம் என்பது மாறுபட்ட நீதிபதி கேகனின் வாதத்தின் கருத்து. ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்ட நீதியரசர்கள் கருத்து வேறுபடும் இடத்தில் நம் மாணவர் மயங்குவது இழிவன்று. மயக்கம் உள்ளதென உணராதிருப்பதே இழிவு.

ஈண்டு மொழிபெயர்ப்பாளர் கருத வேண்டியது ஒன்றுண்டு. மேற்கண்ட சட்டத்தொடரைத் தமிழாக்குவோர், 'முன்னைய வேலையையோ, நாட்டின் பொருளாதாரத்தில் உள்ள வேறு வேலையையோ' என எழுதினால் வழக்கு அங்கேயே ஒரு பக்கமாக முடிந்துவிடும். 'நாட்டின் பொருளாதாரத்தில் உள்ள முன்னைய வேலையையோ வேறு வேலையையோ' என எழுதினால் மறுபக்கம் சாயும். மூலம் விட்டுவைத்த ஐயத்தைத் தமிழின் சொல்வரிசை விட்டுவைப்பதில்லை. மொழிபெயர்ப்பாளர் தம்மை அறியாமலே நீதிபதி ஆகிவிடுகிறார்.

காற்புள்ளியும் இனமுள்ள அடையும்

எப்பெயர் என்று தெளிந்த பின்னரும் மற்றொரு மயக்கம் எஞ்சியிருக்கும். அடைவாக்கியம் பெயரைப் பிரித்துக் காட்டுகிறதா, அல்லது கூடுதல் செய்தி மட்டும் தருகிறதா என்பதே அது.

'மை பிரதர் ஹூ லிவ்ஸ் இன் பினாங்' என்று காற்புள்ளியின்றி எழுதினால், உடன்பிறந்தார் பலருள் பினாங்கில் வாழ்பவர் என்பது பொருளாகும். 'பிரதர்' என்பதன் பின் காற்புள்ளியிட்டு எழுதினால், உடன்பிறந்தார் யார் என்பது முன்னரே தெரிந்தது, அவர் பினாங்கில் வாழ்வது கூடுதல் செய்தி என்றாகும். இவ்விரண்டாம் வகையில் 'தட்' என்னும் இணைப்பெயர் பெரும்பாலும் வருவதில்லை. 'ஹூ', 'விச்' என்பனவே வரும்.

ஆங்கில ஆசிரியர்கள் இதனைப் புதுவதாகக் கற்பிக்கும்பொழுது நம் மாணவர் மருள்கின்றனர். ஆனால் இப்பாகுபாடு நம் இலக்கணத்திற்குப் பழமையானது. 'செந்தாமரை' என்பதில் செம்மை, வெண்டாமரையிலிருந்து பிரித்துக் காட்டுகிறது; ஆதலின் அஃது இனமுள்ள அடை. 'செஞ்ஞாயிறு' என்பதில் பிரித்துக் காட்ட வேறு ஞாயிறு இல்லை. ஆதலின் அஃது இனமில்லா அடை. தொல்காப்பியர் இனச்சுட்டில்லாப் பண்பைப் பற்றிக் கூறினார். பவணந்தியாரும் இனமுள்ள அடை, இனமில்லா அடை என இரண்டையும் நன்னூலில் குறித்தார். காற்புள்ளியில்லா ஆங்கில அடைவாக்கியம் செந்தாமரை போன்றது. காற்புள்ளி பெற்றது செஞ்ஞாயிறு போன்றது. இவ்வொன்றை நினைவிற்கொண்டால் போதும்.

காற்புள்ளிதானே என்று புறக்கணித்தல் தகாது. திருக்குர்ஆனை முறைப்படி ஓதக் கற்றோர், நிறுத்துமிடம் மாறினால் பொருளும் மாறும் என்பதை இளமையிலேயே அறிந்துள்ளனர். ஆங்கில உயில் ஒன்றில், 'என்னுடன் வாழும் என் புதல்வர்களுக்கு வீடு உரியது' என்னும் கருத்து எழுதப்படுவதாகக் கொள்வோம். 'சன்ஸ்' என்பதற்குப் பின் காற்புள்ளி இருப்பின் புதல்வர் அனைவர்க்கும் வீடு உரித்தாகும் என்றும், இல்லையெனின் உடன் வாழ்வோர்க்கு மட்டுமே உரித்தாகும் என்றும் பொருள்கொள்ள நேரும். ஒரு புள்ளியால் உடன்பிறந்தார் வழக்காடும் நிலை எழலாம்.

இவ்வேறுபாட்டைக் காட்டத் தமிழ்ப் பெயரெச்சத்திற்குப் புறக்குறி ஏதும் இல்லை. 'என்னுடன் வாழும் என் புதல்வர்' என்பது இரண்டிற்கும் பொதுவாக நிற்கிறது. எனவே தமிழில் எழுதுவோர் 'உடன் வாழ்வோர்க்கு மட்டுமே' என்றோ, 'புதல்வர் அனைவர்க்கும்' என்றோ வெளிப்படக் கூறல் வேண்டும்.

புலிகொல் யானை

ஆங்கிலமே மயக்கந்தரும் மொழி என்று கருதிவிடலாகாது. பெயரெச்சம் செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செயப்படுபொருள் என்னும் ஆறு வகைப் பெயர்களைக் கொண்டு முடியும் என்பது நாம் கற்பிக்கும் பாடம். 'உண்ட சாத்தன்' என்பதிலும் 'உண்ட சோறு' என்பதிலும் 'உண்ட' என்பது ஒன்றே. சாத்தன் உண்டவன், சோறு உண்ணப்பட்டது. இவ்வுறவை உலகறிவே காட்டுகிறது.

உலகறிவு உதவாத இடமும் உண்டு. அதற்குத் தொல்காப்பிய உரையாசிரியர்கள் காட்டுவது 'புலிகொல் யானை'. புலியைக் கொன்ற யானையா, புலியால் கொல்லப்பட்ட யானையா? தடுமாறு தொழிற்பெயர் என்று இதற்குப் பெயருமிட்டு, பின்வரும் சொல்லை நோக்கித் தெளிக என்று வழியும் காட்டினர் முன்னோர். யானை ஓடிற்று எனின் கொன்றது யானை. யானையின் கோடு வந்தது எனின் இறந்தது யானை. ஆங்கிலத்தில் இவ்வையம் எழாது. 'தி எலிஃபன்ட் தட் கில்ட் தி டைகர்' என்பதற்கும் 'தி எலிஃபன்ட் தட் தி டைகர் கில்ட்' என்பதற்கும் சொல்வரிசையே வேறுபாடு காட்டுகிறது.

ஆனால் இணைப்பெயரை விலக்கிச் சுருக்கினால் ஆங்கிலமும் தடுமாறும். தாமஸ் பீவர் என்னும் அறிஞர் 1970-இல் காட்டிய குதிரை வாக்கியம் இதற்குச் சான்று. அதில் வரும் 'ரேஸ்ட்' என்பதை 'ஓடியது' என்னும் முற்றாகப் படித்துச் செல்வோர், இறுதியில் 'விழுந்தது' என்னும் மற்றொரு முற்று வரக்கண்டு திகைப்பர். மீண்டும் படித்தபின்னரே, அது 'ஓட்டப்பட்ட' என்னும் அடையாய் நிற்பது புலப்படும். இங்கும் பின்வரும் சொல்லே தெளிவு தருகிறது. முன்னோர் காட்டிய வழி ஆங்கிலத்திற்கும் பொருந்துதல் கண்டு மகிழத்தக்கது.

மாணவர்க்குச் சில நெறிகள்

ஆங்கில அடைவாக்கியத்தைக் காணும்போதெல்லாம் இரண்டு வினாக்களை எழுப்புக. முதலாவது: இஃது எப்பெயரைத் தழுவியது? இரண்டாவது: இஃது இனமுள்ள அடையா, இனமில்லா அடையா? முதல் வினாவுக்கு வினையின் ஒருமை பன்மையும், ஹூ, விச் என்னும் திணை வேறுபாடும், வேற்றுமை அமைப்பும் விடை தரக்கூடும். இரண்டாம் வினாவுக்குக் காற்புள்ளி விடை தரக்கூடும். இவற்றால் தெளிவு பிறக்காதபொழுது, அண்மைப் பெயரே என்று தாமாகத் துணிதல் வேண்டா. எழுதியவரை வினவுக, வினவ இயலாவிடின் இரு பொருளையும் குறித்துக் காட்டுக.

தாமே எழுதும்பொழுது முற்பெயரை ஒட்டியே அடைவாக்கியத்தை அமைக்க. அதுவும் இயலாதெனின் ஒரு வாக்கியத்தை இரண்டாகப் பிரிக்க. நீண்ட வாக்கியம் எழுதுவதே புலமை என்னும் எண்ணம் நம்மிடையே உண்டு. நூற்குற்றம் பத்தனுள் 'மயங்க வைத்தல்' என்பதையும் ஒன்றாகப் பவணந்தியார் எண்ணியதை மறத்தல் கூடாது.

நிறைவுரை

அறிவிப்பும், விண்ணப்பமும், வாடகை ஒப்பந்தமும், வேலை ஆணையும் இன்றும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே வருகின்றன. அவற்றை வீட்டிற்கும் தெருவிற்கும் படித்துச் சொல்பவர் பெரும்பாலும் கல்லூரியில் பயிலும் பிள்ளைகளே. "இதில் என்ன எழுதியிருக்கிறது, பாரம்மா" என்று தாளை நீட்டும் பெரியவர், பிள்ளை சொல்வதையே சட்டமாகக் கொள்கிறார். ஆகவே இவ்விலக்கணம் தேர்வு மதிப்பெண்ணுக்காக மட்டும் கற்பதன்று.

அடுத்த ஆண்டு அதே அறக்கட்டளையின் அறிவிப்பு வந்தபொழுது அதனை மூன்று சிறு வாக்கியங்களாகத் தமிழாக்கினோம். 'விண்ணப்பிப்பவர் நெசவாளரின் பிள்ளையாக இருத்தல் வேண்டும். அந்நெசவாளர் இவ்வூரில் பத்தாண்டுகள் வசித்திருத்தல் வேண்டும். பிள்ளை எவ்வூரில் வளர்ந்திருப்பினும் தடையில்லை.' மூன்றாம் வாக்கியம் ஆங்கில மூலத்தில் இல்லை. அறக்கட்டளையினரை வினவி, அவர் இசைவு பெற்றே அதனைச் சேர்த்தோம். பலகையில் அதனை ஒட்டியபொழுது அம்மாணவி அருகில் நின்று படித்தார். அவ்வாண்டு அவர் விண்ணப்பித்தார், உதவித்தொகையும் பெற்றார். ஆயினும் முந்தைய ஆண்டின் தொகை அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. ஒரு முற்பெயரைத் தேடத் தவறியதன் விலை அது என்பதை நாம் மறப்பதற்கில்லை.